அறிவியல் வகுப்பில் அறம்: ஒரு பிடி புழுங்கல் அரிசியிலிருந்து தொடங்குவோம்



வழக்கமாக இந்தப் பாடப் பகுதியில் பண்டிகை, புராணம், திருமுறை என்று ஏதாவது ஒன்றை எடுத்துப் பேசுவோம். இந்த இதழில் கொஞ்சம் வேறு பக்கம் போகலாம். நம் வாசகர்களில் ஆசிரியர்கள் நிறைய பேர். ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயிற்சியில் இருப்பவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் எடுக்கும் தம்பி தங்கைகளும் உண்டு. அவர்கள் எல்லாருக்குமான கேள்வி இது: அறிவியல் பாடத்தில் 'இது சரியா, செய்யலாமா' என்ற கேள்வி வரும்போது நாம் எப்படிச் சொல்லித் தருகிறோம்?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு நாள் பாடத்திட்டம் தெரியும். அதில் பண்புக்கூறு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மின்சுற்றுப் பாடமா, 'ஒத்துழைப்பு'. தாவரங்களின் வளர்ச்சியா, 'நன்றியுணர்தல்'. மரபணுப் பாடமா, யோசிக்க நேரமில்லை, மறுபடியும் 'ஒத்துழைப்பு'. தலைமையாசிரியர் பார்த்துக் கையொப்பம் போட்டுவிடுவார், வேலை முடிந்தது. அறிவியல் மனப்பான்மையும் நன்னெறிப் பண்பும் என்று கலைத்திட்டம் அழகாகத்தான் சொல்கிறது. ஆனால் அது பிள்ளைகள் காதுக்குப் போய்ச் சேரும்போது வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் டீச்சர் சொல்லும் ஒரு வாக்கியமாகச் சுருங்கிப் போகிறது.

இடைநிலைப்பள்ளியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. குளோனிங், மரபணு மாற்றப்பட்ட பயிர், குருத்தணு என்று வந்தால் நன்மை மூன்று, தீமை மூன்று எழுதச் சொல்வோம். மாணவர்கள் எழுதுவார்கள், மதிப்பெண்ணும் கிடைக்கும். எஸ்.பி.எம். நன்னெறிக்கல்வியில் 36 பண்புகளின் விளக்கத்தை ஒரு சொல் மாறாமல் மனப்பாடம் செய்த அண்ணன் அக்காமார் நம்மிடையே இருக்கிறார்கள். 'பொறுப்புணர்வு' என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மலாயில் ஒப்பிப்பார்கள். அதனால் பொறுப்புணர்வு வந்ததா என்பது வேறு கதை.

நன்மை-தீமைப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நன்மை யாருக்குப் போகிறது, தீமை யார் தலையில் விழுகிறது, முடிவு எடுத்தது யார் என்ற மூன்றையும் அது கேட்பதே இல்லை. அறக் கேள்வி முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொல்லித் தர அணுகுண்டு வரைக்கும் போக வேண்டியதில்லை. ஓப்பன்ஹைமர் கீதையை நினைவுகூர்ந்த கதையை நம் மேடைகளில் சொல்லாதவர்கள் குறைவு, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் படிவம் 2 படிக்கும் பிள்ளைக்கு நியூ மெக்சிகோ பாலைவனம் ரொம்ப தூரம். 'அது வெள்ளைக்காரன் பிரச்சினை சார்' என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போய்விடும். நம் நாட்டிலேயே, நம் வீட்டு அடுப்படியிலேயே ஒரு கதை இருக்கிறது.

வைட்டமின் பாடத்தில் ஓர் அட்டவணை வரும். வைட்டமின் பி குறைந்தால் பெரி-பெரி என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் கோலாலம்பூரில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரி-பெரி ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு போனது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். செத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். தோட்டத்துத் தமிழர்களிடம் இந்த நோய் அபூர்வமாகவே இருந்தது. வெயிலும் மழையும் இருவருக்கும் ஒன்றுதான், வறுமையும் ஒன்றுதான். பின்னே என்ன வித்தியாசம்? மண்ணிலிருந்து வரும் கெட்ட காற்று என்றார்கள் சில மருத்துவர்கள், தொற்றுக்கிருமி என்றார்கள் சிலர். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் சோற்றுப் பானையைப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கும் தயாமின் என்ற வைட்டமின் பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. பச்சையாகத் தீட்டிய அரிசியில் அது தவிட்டோடு போய்விடும். இது இன்று நமக்குத் தெரியும். அன்று 'வைட்டமின்' என்ற சொல்லே பிறக்கவில்லை. பிராடன்கூட வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்றுதான் நினைத்தார்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர் உடனே எழுந்து 'பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் அன்றே வைட்டமினை அறிந்திருந்தார்கள்' என்று பேசத் தொடங்குவார்கள். வேண்டாமே. உமி சுலபமாகப் பிரியும், அரிசி உடையாது, நாள்பட இருக்கும் என்ற அனுபவத்தில்தான் நெல்லை அவித்தார்கள். அந்த அனுபவ அறிவே மதிக்கத்தக்கது. அதன் மேல் இல்லாத கிரீடத்தை வைத்தால், அறிவியல் வகுப்பில் பொய் சொல்வதற்கு நாமே வழிகாட்டியாகிவிடுவோம். இன்னொன்று, புழுங்கல் அரிசி தின்ற அதே தோட்டத் தமிழர்கள் மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பெருமை பேசும் மேடையில் இந்தப் பாதி வருவதில்லை.

சம்பவத்துக்கு வருவோம். 1905ல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பெரி-பெரி பரவியது. அன்றைய பெயர் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அரிசிதான் காரணமா என்று சோதிக்க நினைத்தார். 1905 டிசம்பர் 5ஆம் தேதி நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்கு. அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளை அரிசியே தொடர்ந்தது. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்கு வார்டுக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடு எல்லாம் ஒன்றே, கட்டடமும் ஒரே மாதிரி. 1906 முடியும் வரை இது நடந்தது.

வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரி-பெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் இரண்டே பேருக்குத்தான் நோய், அதுவும் உள்ளே வரும்போதே இருந்தது. பெரி-பெரியால் ஒருவரும் சாகவில்லை. 1907ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது. சோதனை முறை என்று பார்த்தால் அந்தக் காலத்துக்கு வெகு நேர்த்தி. ஒரு குழு, ஒப்பிட இன்னொரு குழு, ஒரே ஒரு மாறி. படிவம் 1ல் நாம் சொல்லித் தருகிறோமே, கட்டுப்படுத்தப்படும் மாறி, மாற்றப்படும் மாறி என்று, அப்படியே பாடநூல் சோதனை.

இதை வகுப்பில் எப்படி எடுப்பது? படிவம் 4, 5க்கு உயிரியல் எடுக்கும் ஓர் அக்கா செய்வது எனக்குப் பிடித்த முறை. கதையைச் சொல்வதற்கு முன்பே மாணவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார். ஒற்றைப்படை சன்னல் பக்கம், இரட்டைப்படை கதவுப் பக்கம். பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டு போவார்கள். இது எங்கே நடந்தது என்று சொன்னதும் சிரிப்பு இன்னும் கூடும். 'டேய், நீ தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்தானே' என்று ஒருவனை ஒருவன் கிண்டல் பண்ணுவான். (தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை திறந்தது 1911ல்தான். நம் கிண்டலுக்கும் நூறு வயது ஆகிவிட்டது.) அக்கா அந்தச் சிரிப்பைத் தடுக்க மாட்டார். பிறகு எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவார்: 120, 18. சன்னல் பக்கம் நிற்பவர்கள் தங்களைத் தாங்களே எண்ணிப் பார்ப்பார்கள். பதினைந்து பேர் என்றால் இரண்டு மூன்று பேர் இல்லை. வகுப்பு தானாக அடங்கும்.

அதற்குப் பிறகு வரும் கேள்வி முக்கியம். 'ஃபிளெட்சர் செய்தது சரியா தப்பா?' என்று கேட்டால் பாடம் அங்கேயே செத்துவிடும். பாதிப் பேர் தப்பு என்பார்கள், பாதிப் பேர் 'இல்லன்னா இன்னும் ஆயிரக்கணக்கான பேர் செத்திருப்பாங்க' என்பார்கள், மணி அடித்துவிடும். அந்த அக்கா கேட்பது வேறு: 1905 டிசம்பர் 5ஆம் தேதி காலையில் அவருக்கு என்ன தெரியும்?

யோசித்துப் பாருங்கள், அன்று காலையில் அரிசிதான் காரணம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒற்றைப்படைக்காரர்களுக்கு அவர் புதிதாக எதையும் கொடுக்கவும் இல்லை. ஏற்கெனவே தின்ற அதே சோறுதான். 'அப்படியானா அவர் யாருக்கும் கெடுதல் செய்யலையே டீச்சர்' என்று ஒரு மாணவன் கேட்பான். நல்ல கேள்வி. இதை உடனே மடக்கக் கூடாது. கொஞ்ச நேரம் அப்படியே தொங்க விடவேண்டும்.

அடுத்த கேள்வி: எந்த நாளில் அவர் நிறுத்தியிருக்க வேண்டும்? கிழக்கு வார்டில் முதல் ஆள் விழுந்த அன்றா? தற்செயலாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்லலாம். ஐந்தாவது ஆளா? பத்தாவதா? இங்கேதான் அறிவியலும் அறமும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கின்றன. எத்தனை பேர் விழுந்தால் அது தற்செயல் இல்லை என்று சொல்லலாம் என்பது கணக்குக் கேள்வி. அந்தக் கணக்கு தெரியாமல் அறக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. இன்றைய மருந்துச் சோதனைகளில் நடுவிலேயே தரவைப் பார்த்து 'போதும், நிறுத்து' என்று சொல்லத் தனிக் குழுவே வைப்பது இதற்காகத்தான். பண்புக்கூறு என்ற தனிக் கட்டத்தில் அடைத்து வைக்கக்கூடிய விஷயமா இது? பாடத்தின் நடுவயிற்றில் இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் இரண்டாவது கதையைச் சொல்ல வேண்டும், முன்னாலேயே சொன்னால் சுவை போய்விடும். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் 1907லிருந்து நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைச் செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, ஒரு கூட்டத்துக்குப் புழுங்கல் அரிசி. ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. வெள்ளை அரிசியை நிறுத்தினார்கள், நோயும் நின்றது. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது மற்றக் கூட்டத்தில் வந்தது, அங்கேயும் நிறுத்தினார்கள். கிடைத்த விடை ஒன்றுதான். கொடுத்த விலை வேறு. இதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனாலும் கேள்வி முடியவில்லை. ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்த கூலித் தொழிலாளி 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தானா? தோட்டத்துப் பாட்டன் பூட்டன் கதை கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

இங்கே ஆசிரியர்கள் வழக்கமாக ஒரு கதவைச் சாத்துவார்கள்: 'அந்தக் காலத்தில் அப்படித்தான், இப்போதைய கண்ணால் பார்க்கக் கூடாது.' பாதி உண்மை. நியூரம்பெர்க் விதிகள் வந்தது 1947ல், ஹெல்சிங்கி பிரகடனம் 1964ல். ஆனால் 1900லேயே பிரஷ்ய அரசு, விளங்கிச் சம்மதிக்க முடியாதவர்களிடம் சிகிச்சைக்கு அல்லாத மருத்துவச் சோதனை நடத்தக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தது. அதே ஆண்டு கியூபாவில் வால்டர் ரீட் மஞ்சள் காய்ச்சல் சோதனைக்கு வந்தவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினார். ஆகவே 'யாருக்கும் தோன்றாத காலம்' என்று சொல்ல முடியாது. சிலருக்குத் தோன்றியது.

சமய வகுப்பில் நமக்கென்று ஒரு குறுக்குவழி உண்டு. எந்த அறக் கேள்வி வந்தாலும் 'இந்து தர்மம் அகிம்சை என்கிறது' என்று சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிடுவது. ஃபிளெட்சர் கதையில் அகிம்சை எந்தப் பக்கம் நிற்கிறது? சோதனை செய்தால் 18 பேர். செய்யாமல் இருந்தால் சுரங்கத்தில் பேர் தெரியாத ஆயிரம் பேர். தர்மம் நுண்மையானது, பிடிபடாதது என்று மகாபாரதம் திரும்பத் திரும்பச் சொல்வது சும்மா இல்லை. அகிம்சை என்பது விடையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் சொல் இல்லை. இன்னும் குறைந்த துன்பத்தில் இதைத் தெரிந்துகொள்ள வழி இல்லையா என்று விடாமல் நச்சரிக்கும் சொல். ஃபிரேசரின் சோதனையில் அந்த நச்சரிப்பு கொஞ்சம் வேலை செய்திருக்கிறது.

மகாபாரதம் என்றதும் அசுவத்தாமன் கதையை ஆசிரியர்களுக்காக ஒருமுறை நினைவுபடுத்த வேண்டும். அவன் பிரம்மாஸ்திர வகையைச் சேர்ந்த அந்தக் கொடிய அத்திரத்தை ஏவினான், திரும்ப அழைக்கத் தெரியவில்லை. அது உத்தரையின் கருவைத் தாக்கியது. இவ்வளவு எல்லாருக்கும் தெரியும். சௌப்திக பருவத்தில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. துரோணர் அந்த வித்தையை முதலில் அர்ச்சுனனுக்குத்தான் கொடுத்தார். மகன் பொறாமைப்பட்டுக் கேட்டான். மகனுடைய குணம் தெரிந்தும், அரைமனதோடு, அவனுக்கும் கொடுத்தார். கொடுக்கும்போது மனிதர்கள் மேல் இதை ஏவாதே என்று ஓர் எச்சரிக்கையும் சொன்னார். வித்தை முழுப் பாடம், அறம் கடைசியில் ஒரு வாக்கியம். நாள் பாடத்திட்டத்தின் அந்தக் கட்டம் எனக்கு ஞாபகம் வருகிறது. உங்களுக்கு?

ஆய்வுக்கூடத்துக்குள் இன்னொரு விஷயம். எலியையோ தவளையையோ அறுக்கும் பாடம் வரும்போது, சைவம் சாப்பிடும் நம் மாணவி ஒருத்தி 'என்னால முடியாது டீச்சர்' என்கிறாள். 'அப்போ மார்க் இல்லை' என்று சொல்லும் ஆசிரியர் உண்டு. 'அவ இந்து, விட்டுடுங்க' என்று ஒதுக்கி உட்கார வைப்பவரும் உண்டு. இரண்டாவது கனிவாகத் தெரியும். ஆனால் அது அவளுடைய காரணத்தைக் கேட்கவே இல்லை, அவளை ஒரு சாதிச் சான்றிதழ் மாதிரி நடத்துகிறது. பக்கத்தில் இருக்கும் சீன மாணவிக்கும் அதே தயக்கம் இருக்கலாம், அவளை யார் கேட்டார்கள்? ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1959லேயே மூன்று கேள்விகளை வைத்தார்கள்: விலங்குக்குப் பதில் வேறு எதையாவது வைத்துச் செய்யலாமா, எண்ணிக்கையைக் குறைக்கலாமா, வலியைக் குறைக்கலாமா. இந்த மூன்றையும் கத்தியை எடுக்கும் முன் முழு வகுப்பும் பேசட்டும். அந்த மாணவி அப்போது சமயத்தின் பெயரால் சலுகை கேட்பவளாக நிற்க மாட்டாள். எல்லாரும் எடைபோடக்கூடிய ஒரு காரணத்தோடு பேசுவாள். பேசிய பிறகும் அறுக்கலாம் என்று முடிவு வரலாம், அதுவும் பரவாயில்லை.

டிங்கி பற்றிச் சொல்லாமல் விட முடியாது, சிலாங்கூர் பிள்ளைகள் வீட்டுக்கு ஓர் ஆள் படுத்தவர்கள். 2010 டிசம்பர் 21ல் பகாங், பெந்தோங் அருகே ஆள் குடியிருக்காத காட்டுப் பகுதியில் மரபணு மாற்றப்பட்ட சுமார் 6,000 ஆண் ஏடிஸ் கொசுக்களைப் பறக்கவிட்டார்கள். செய்தது அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஆண் கொசு கடிக்காது, அதன் குஞ்சுகள் வளருமுன் செத்துவிடும், அனுமதியும் முறையாக வாங்கியிருந்தார்கள். ஆனால் பறக்கவிட்ட செய்தி 2011 ஜனவரி பிற்பகுதியில்தான் வெளியே வந்தது, எதிர்ப்பு கிளம்பியது. இதை வகுப்பில் எடுக்கும்போது 'ஆபத்தா இல்லையா' என்பதும் 'சொல்லியிருக்க வேண்டுமா' என்பதும் இரண்டு கேள்விகள் என்று பிரித்துக் காட்டுங்கள். ஆபத்தே இல்லை என்று நிரூபித்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கும்.

கடைசியாக, ஆசிரியர்கள் கூடினாலே சண்டை வரும் ஒரு விஷயம். ஆசிரியர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லலாமா? சொல்லவே கூடாது என்பார்கள் சிலர். டீச்சர் சொன்னதுதான் விடை என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்களாம், அது உண்மைதான். ஆனால் கடைசி வரை வாயைத் திறக்காத ஆசிரியரிடமிருந்து, அறக் கேள்விக்கு விடையே கிடையாது, அவரவர் இஷ்டம் என்ற பாடத்தைத்தான் பிள்ளைகள் கற்பார்கள் என்பது என் எண்ணம். எல்லாரும் எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள். எந்தத் தகவல் கிடைத்தால் உங்கள் கருத்து மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃபிளெட்சர் விஷயத்தில் என் கருத்து: தொடங்கியதை மன்னிக்கலாம், ஓராண்டு முழுக்கத் தொடர்ந்ததை முடியாது. உங்கள் கிளையில் வேறு மாதிரி நினைக்கிறவர்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு ஒரு வேலை. வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ கேளுங்கள்: நம் வீட்டில் தினமும் புழுங்கல் அரிசிச் சோறு இருந்த காலம் எது, அது இட்லிக்கு மட்டும் என்று எப்போது மாறியது, ஏன்? பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணிப் பிரிந்து உட்காருங்கள். கிழக்குப் பக்கம் உட்கார்ந்தவர்கள் 1906 ஜூன் மாதம் ஃபிளெட்சருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். மேற்குப் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஃபிளெட்சரின் இடத்திலிருந்து அதற்குப் பதில் எழுத வேண்டும். இருபது நிமிடம் போதும். இரண்டையும் சத்தமாக வாசித்த பிறகு எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்கள்.